ஊர்லேர்ந்து வந்திருக்காங்க

‘இவர் என் அம்மா’ என்று சொல்லவேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. மறதியும் இல்லை, வாய்ப்பு கிடைக்காமலும் இல்லை. நேராகவே கேட்டார்கள். தெரிந்தே வேறு பதில் சொன்னேன். பிறகு அவளை ஒரு விடுதி அறையில் உட்காரவைத்துவிட்டுக் கடல் பார்க்கப் போனேன். இது என் மனைவிக்குத் தெரியும். அந்தப் பதில் காதில் விழுந்ததா என்று அம்மாவிடம் கேட்கும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

நான் ஏனாத்தூர்க்காரன். பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் என்று சொன்னால் இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். நான் பிறந்து வளர்ந்த தெரு அந்தப் பக்கம் இல்லை. ஊருக்குள் எந்தத் தெரு யாருடையது என்பது எங்கள் பக்கத்து மனிதர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். எங்களுடையது கடைசித் தெரு. அப்பா நான் சின்னப் பையனாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா நடவுக்குப் போனாள், களையெடுத்தாள், அறுப்புக்குப் போனாள். வயலில் வேலை இல்லாத மாதங்களில் செங்கல் சூளையில் கல் சுமந்தாள். அந்தக் கூலியில்தான் நான் வரலாறு எம்.ஏ. படித்தேன். தனியார் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது, தாம்பரத்தில் வீடு பார்த்தேன், கல்யாணம் ஆயிற்று. அந்தக் கல்லூரியில் யாரிடமும் நான் என் தெருவைப் பற்றிப் பேசியதில்லை. காஞ்சிபுரம் என்று மட்டும் சொல்வேன். காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் எதிரில் இருப்பவர் மனதில் வரும், அதற்குமேல் கேட்கமாட்டார்கள். அந்த வசதிக்காகவே அப்படிச் சொன்னேன்.

2015 பொங்கல் விடுமுறையில் சக ஆசிரியர்கள் சிலர் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் போய்வரலாம் என்றார்கள். பெண் குழந்தை அப்போது கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியிருந்தாள், ஆனால் தூக்கிக்கொண்டு அலையவேண்டிய வயது. அம்மாவையும் அழைத்துப் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள், நாங்கள் சற்று நிம்மதியாக நடக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அறுபத்தைந்தைத் தாண்டிய அம்மா அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவளுக்குக் கடல் காட்டவேண்டும் என்பது என் எண்ணத்தில் எங்குமே இல்லை. காரணத்தை அழகுபடுத்திச் சொல்ல இப்போது நினைத்தால் முடியும். அன்றைக்கு இருந்தது இதுதான்.

போகும் வழியில் ஏனாத்தூரில் அவளை ஏற்றிக்கொண்டேன். துவைத்துக் காயவைத்த நூல் புடவை, கையில் மஞ்சள் பை, இடுப்பில் சுருக்குப்பை. பையில் குழந்தைக்கென்று அதிரசமும் வேகவைத்த வேர்க்கடலையும். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. கார் உத்திரமேரூர்ப் பக்கம் போனபோது, அவள் பிறந்த ஊர் அந்தத் திசையில் இருக்கிறது என்று பேத்திக்குக் கைநீட்டிக் காட்டினாள். ஏரிகளைப் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தாள்.

திண்டிவனத்தில் ஒரு டீக்கடையில் மற்றக் குடும்பங்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அம்மா காரைவிட்டு இறங்கிக் குழந்தையை அழைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழந்தையின் வாயைக் கழுவிவிட்டாள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு ஆசிரியரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “குழந்தையைப் பாத்துக்க ஆள் கூட்டிட்டு வந்துட்டீங்களா சார்? நல்லதாப் போச்சு. வீட்டோட இருக்காங்களா?” என்றார். அவர் குரலில் இளக்காரம் எதுவும் இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக் கேட்டார்.

“இல்லைங்க, ஊர்லேர்ந்து வந்திருக்காங்க” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை என்று பிற்பாடு எனக்கு நானே வக்கீலாக நின்று வாதாடியிருக்கிறேன். அவர் என்ன புரிந்துகொள்வார் என்று தெரிந்தேதான் சொன்னேன். வெற்றிலைக் காவியேறிய அந்தப் பற்களும், குத்துக்காலிட்டு உட்காரும் அந்த உட்காரலும், ‘இன்னா கண்ணு’ என்கிற அந்தப் பேச்சும் என்னுடையவை என்று ஒப்புக்கொண்டால் நான் எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்பது அந்த நிமிடமே தெரிந்துபோகும் என்று பயந்தேன். அம்மா குழாயடியில்தான் இருந்தாள். தூரம் அதிகமில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

திண்டிவனம் தாண்டியதும் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். “ஏண்டா, எங்க ஆயாவோட அப்பா கப்பலேறிப் போன எடம் புதுச்சேரிதானே? அந்த எடம் இன்னும் கீதா?”

இந்தக் கதையைச் சின்ன வயதில் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தாது வருஷத்துப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்து 1878 வரை நீடித்த பஞ்சம் அது. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஏரிப் பாசனத்தையே நம்பியிருந்த செங்கல்பட்டு மாவட்டம் கடுமையாக அடிபட்டது. எங்கள் காஞ்சிபுரம், உத்திரமேரூர் எல்லாம் அப்போது அந்த மாவட்டம்தான். பஞ்ச நிவாரணப் பணியில் மண் சுமந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கணக்குப் போட்டார் அதற்கென அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள். சென்னை நகரத்துக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படிப்பட்ட கூலிக்கு வெட்டப்பட்டதுதான். கால்வாய் வெட்டக்கூட வழியில்லாதவர்கள், கடல்கடந்த தோட்டங்களுக்கு ஆள் பிடிக்க வந்தவர்களின் பின்னால் புதுச்சேரிக்கு நடந்தார்கள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் 1879 டிசம்பரில்தான் வந்தது. அதனால் என் அம்மாவுடைய பாட்டியின் அப்பாவும் நடந்துதான் போயிருக்க வேண்டும்.

அவர் போனார், திரும்பவில்லை. கடிதம் இல்லை, பணம் இல்லை, செத்தார் என்ற சேதியும் இல்லை. சேதி வராததால் அவருடைய மனைவி தாலியை எடுக்கவில்லை. நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டே கிழவியானாள். அவள் செத்தபோது, சுமங்கலியாக எடுப்பதா வேண்டாமா என்று தெருவில் வழக்கு வந்ததாம். கடைசியில் மஞ்சள் பூசி, பூ வைத்துத்தான் எடுத்தார்களாம். இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். அவள் தன் பாட்டியின் மடியில் படுத்துக் கேட்ட கதை இது. கப்பலேறிய அந்த மனிதரின் பெயரையும் அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

காரில் அவள் கேட்ட கேள்விக்கு நான், “அதெல்லாம் இப்ப எதுவும் இல்லம்மா, எப்பவோ போயிடுச்சு” என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பதில் இது. இது சுத்தமான பொய். அந்த இடம் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இந்த ஒப்பந்தக் கூலி வரலாற்றைப் பற்றி வகுப்பெடுப்பவன் நான்.

விடுதி கடற்கரைச் சாலையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி இருந்தது. வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் கிளம்பினோம். அம்மாவும் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “கால் நனைச்சுட்டு வந்துடறேன்டா” என்றாள். நான், “அங்க மணலே இல்லம்மா. எல்லாம் கருங்கல்லு. வயசானவங்க எறங்க முடியாது. குழந்தைக்கும் காத்து ஆகாது. நீ இங்கயே இரு” என்றேன்.

கருங்கல் என்றது உண்மை. அதனால்தான் அந்தப் பதில் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது. எண்பதுகளின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களைக் கட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டு போகும். கல் சுவர் அந்த மணலைத் தெற்கிலேயே தடுத்து நிறுத்தியது. தேங்கிய மணலை வாரி வடக்கே போடவேண்டிய வேலை ஒழுங்காக நடக்கவில்லை. சில ஆண்டுகளில் ஊரின் எதிரே இருந்த கடற்கரை கரைந்துபோய், சாலையைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டவேண்டியதாயிற்று. சென்னையிலும் இதுதான் நடந்தது. அங்கே துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊரைத் தின்றது. கப்பலுக்காகக் கடலுக்குள் நீட்டிய பழைய காலத்துப் பாலங்கள் தூண்கள்மேல் நின்றவை, மணலும் அலையும் அடியில் புகுந்துபோகும். அதனால் அவை கடற்கரையைக் கெடுக்கவில்லை.

இதையெல்லாம் அன்று மாலை என் சக ஆசிரியர்களுக்கு விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். ஆனால் பாறைமேல் உட்காரமுடியும், சாலையோரத் திட்டில் உட்காரமுடியும், கை பிடித்துக் கூட்டிப்போக நான் இருந்தேன். அம்மா என்னுடன் அந்தச் சாலையில் நடக்கக் கூடாது என்பதுதான் விஷயம். கருங்கல் ஒரு சாக்கு.

காந்தி சிலைக்கு எதிரே கடலுக்குள் பார்த்தால், அலை வாங்கும்போது துருவேறிய கம்பங்களின் எச்சம் தெரியும். 1866இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய இரும்புப் பாலத்தின் மிச்சம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழமான தண்ணீரில் தூரத்தில் நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே புரளும் அலையைத் தாண்ட ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் வழி. அலை அறைந்தால் கயிற்றுத் தையல் வளைந்துகொடுக்கும். அப்படியும் கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. அந்த அலையைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேரத்தான் இரும்புப் பாலம். அதே 1866இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் மேற்குப் பாலம் திறக்கப்பட்டது. அது சரக்கு ஏற்றுவதற்கில்லை. விடுமுறைக்கு வந்தவர்கள் கட்டணம் கொடுத்துவிட்டுக் கடல்மேல் உலாவுவதற்காகவே கட்டியது. 2003இல் எரிந்துபோய் இன்று இரும்பு எலும்புக்கூடாகக் கடலில் நிற்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு பாலங்கள், ஒன்று உலாவப் போனவர்களுக்கு, ஒன்று பிழைக்கப் போனவர்களுக்கு. இதைச் சொன்னதும் நண்பர்கள் நின்றுவிட்டார்கள். நான் மேலும் பேசினேன்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி, புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேற்றினார்கள். 1860, 1861 ஆண்டுகளில் பிரிட்டனோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்குப் பிறகு நம் செங்கல்பட்டு, ஆர்க்காடு மாவட்டங்களிலும் தாராளமாக ஆள் பிடிக்க முடிந்தது. குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேர், ரெயூனியனுக்கு அவற்றையெல்லாம்விட அதிகம். தோட்டங்களில் இவர்கள் பட்ட பாடு வெளியே தெரியவந்து, 1882இல் ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை பிரிட்டன் நிறுத்தியது. போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத பண்ணையாட்கள். பட்ட கடனுக்குப் பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் இவர்களுடைய நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார், அதிலிருந்துதான் 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில உத்தரவு வந்தது. அவர்களுக்குப் புதுச்சேரிக் கப்பல் பயமாக இருந்திருக்கும், ஆனால் அந்தப் பண்ணையிலிருந்து வெளியேற அது ஒன்றுதான் கதவு.

‘அவர்கள்’ என்றுதான் பேச்சு முழுக்கச் சொன்னேன். ‘சேரிகளிலிருந்து போனார்கள்’ என்றேன். ‘எங்கள்’ என்று ஓரிடத்தில்கூட வாய் திறக்கவில்லை. என் வீட்டுக் கதையையே, தாலி எடுக்காத அந்தக் கிழவியின் கதையையே, ‘ஒரு குடும்பத்தில் இப்படி நடந்திருக்கிறது’ என்று எங்கோ படித்ததுபோலச் சொன்னேன்.

பிறகு தெற்கே நடந்தோம். 1952ஆம் ஆண்டுப் புயலில் பழைய பாலம் அழிந்தபிறகு, 1956இல் தொடங்கி 1962இல் முடித்த கான்கிரீட் பாலம் அந்தப் பக்கம் இருந்தது. ஊர்க்காரர்கள் துறைமுகப் பாலம் என்பார்கள். அன்றைக்கு எங்களை ஏறவிட்டார்கள். காலடியில் தண்ணீர் கருநீலமாக அசைந்தது. தூண்களின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிலர் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. கோடிவரை நடந்து நின்று கரையைத் திரும்பிப் பார்த்தால், ஊர் முழுவதும் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரே கோட்டில் தெரிந்தது. கப்பலேறியவர்களும் இப்படித்தான் கடைசியாகத் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று சொன்னேன். திண்டிவனத்தில் என்னைக் கேட்ட அந்த ஆசிரியரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சொல்றப்ப அவங்களை நேர்ல பாத்த மாதிரி இருக்கு சார்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் இன்று என்னை அதிகம் சுடுகிறது. யாருடைய வலியைச் சொல்லி நான் பாராட்டு வாங்கினேனோ, அந்த மனிதரின் கொள்ளுப்பேத்தி சில தெருக்கள் தள்ளி என் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இரவு திரும்பியபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். அம்மா கட்டிலில் படுக்காமல் தரையில் துணி விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “தண்ணி எப்படிடா இருந்துச்சு? கப்பல் எதுனா நின்னுச்சா?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா, தூங்கு” என்றேன்.

மனைவி வராந்தாவுக்கு வந்து, “அத்தையை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. திண்டிவனத்துல கேட்டவங்ககிட்ட நாளைக்கு நானாவது சொல்லிடறேன்” என்றாள். நான் அவள்மேல் பாய்ந்தேன். நான் யாரிடமும் எதுவும் தப்பாகச் சொல்லவில்லை என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. மறுநாளும் அம்மா அறையில்தான் இருந்தாள். விடுதிப் பையன் ஒருவன் அவளையும் குழந்தையையும் மொட்டைமாடிக்கு அழைத்துப் போயிருக்கிறான். அங்கிருந்து வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் கடல் தெரியுமாம். அம்மா அங்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, பேத்திக்கு அந்தக் கப்பல் தாத்தாவின் கதையைச் சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் பிற்பாடு அம்மாவே என் மனைவியிடம் சொன்னது. புறப்பட்ட நாளில் கார் கடற்கரைச் சாலை வழியாகப் போனபோது, “ஒரு நிமிசம் நிறுத்தேன்டா” என்றாள். பின்னால் மற்றவர்களின் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நிறுத்தவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னது இது: “எம் புள்ள என்னைக் கூட்டிட்டுப் போயி சமுத்திரம் காமிச்சான்.” நான் ஏனாத்தூர் போகும்போதெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லி என்னை மெச்சினார்கள். ஒருவரிடமும் நான் மறுத்துச் சொல்லவில்லை.

2017இல் அம்மா இறந்தாள். காய்ச்சல் என்று காஞ்சிபுரத்தில் சேர்த்தோம், சில நாட்களில் முடிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவளுக்குக் கேட்டிருக்காவிட்டால் நானே சொல்லி எதற்காகப் புண்படுத்தவேண்டும் என்று அப்புறம் ஒரு நியாயம் வரும். அந்த நியாயத்தை நான் ஆசையாக ஏற்றுக்கொண்டேன். அடுத்த ஆண்டு, 2018இல், தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையின் வேகம் தணிந்து, கரையில் மீண்டும் மணல் சேர்ந்தது. இன்று அங்கே குழந்தைகளும் வயதானவர்களும் கால் நனைக்கிறார்கள்.

2022 மார்ச்சில் கடல் கொந்தளித்தபோது துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி இடிந்து விழுந்தது. அந்தச் செய்தி வந்த சமயத்தில் ஒரு கூட்டத்தில் பாலத்தின் வரலாற்றைப் பேச என்னை அழைத்தார்கள். பழைய பழக்கத்தில் அதே பேச்சைப் பேசினேன். முடிந்தபின் ரெயூனியனிலிருந்து வந்திருந்த ஒரு முதியவர், துணைக்கு வந்தவர் மொழிபெயர்க்க, ஒரு தாளைக் காட்டினார். பழைய பதிவேட்டின் நகல். அவருடைய முன்னோர் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் பிரெஞ்சு எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதியிருந்தது. ஊர்ப் பெயர் சிதைந்துபோனதால் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாமல் தமிழ்நாடு முழுக்க அலைந்துகொண்டிருந்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, உங்கள் குடும்பத்திலிருந்து யாராவது போனார்களா என்று கேட்டார்.

அப்போதுதான் முதன்முறையாக ஆமாம் என்றேன். என் அம்மாவுடைய பாட்டியின் அப்பா, ஊர் இன்னது, தாது வருஷம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பெயர் என்ன என்றார். சொன்னால் பதிவேடுகளில் தேடலாம் என்றார்.

எனக்குப் பெயர் தெரியவில்லை. அம்மா எத்தனையோ முறை சொன்ன பெயர். முனி என்று தொடங்கும் என்று மட்டும் மங்கலாக நினைவிருக்கிறது. முனியன், முனிசாமி, முனியப்பன் என்று எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், அந்தப் பதிவேடுகளில் கணக்கில்லாமல் இருப்பார்கள். ஊருக்கு ஓடினேன். அம்மாவின் தம்பி அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவள் வயதுக்காரப் பெண்களில் ஒருத்திக்குக் கதை தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. என் மகளிடம் கேட்டேன். ஆயா ஒரு மாடியில் வைத்து ஏதோ கப்பல் கதை சொன்னார் என்பதுதான் அவளுக்கு ஞாபகம். அந்த இரண்டு நாட்களில் ஒரு மாலையாவது அம்மாவின் கையைப் பிடித்து அந்தத் துருவேறிய கம்பங்களுக்கு எதிரே உட்காரவைத்திருந்தால், அவள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதிருப்பாள். நானும் கேட்டிருப்பேன். தெரியாதவர்களின் வரலாற்றை ஊர் ஊராகச் சொன்ன நான், என் வீட்டு மனிதர் ஒருவரை இரண்டாவது தடவையும் தொலைத்துவிட்டேன்.

திண்டிவனத்தில் கேட்ட அந்த ஆசிரியரின் மனைவியிடம் சென்ற ஆண்டு போய் உண்மையைச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவங்களைப் பத்தித் தெரிஞ்சிருந்தா நான் அவங்ககிட்டயே உக்காந்து கேட்டிருப்பேனே சார்” என்றார். நான் யாருக்குப் பயந்தேனோ அவர் அப்படிப்பட்டவரில்லை. அப்படிப்பட்டவராகவே இருந்திருந்தாலும் நான் செய்தது சரியாகிவிடாது. இப்போது வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது என் தெருவிலிருந்து தொடங்குகிறேன். அம்மாவின் படத்தைக் காட்டுகிறேன். அது அவளுக்குப் போய்ச் சேராது என்பது எனக்குத் தெரியும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில், முக்கியமாக ஊரின் கடைசித் தெருக்களில், ‘கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்’ கதை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ரெயூனியனில் தீவின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியேற்றங்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளில் பெரும்பகுதியை பிரான்ஸின் எக்ஸ் நகரக் காப்பகம் இணையத்திலேயே திறந்து வைத்திருக்கிறது. ஆனால் பெயரும் ஊரும் இல்லாமல் அவற்றில் ஒருவரையும் தேட முடியாது. உங்கள் வீட்டில் அம்மாவோ ஆயாவோ பெரியப்பாவோ இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போனவர் பெயர், அவருடைய அப்பா பெயர், ஊர், எந்தப் பஞ்சம், கூடப் போனவர்கள் யார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அவர்களுக்கு நடக்க முடிகிற மட்டும் புதுச்சேரிக்கு அழைத்துப் போங்கள். காந்தி சிலைக்கு எதிரே அலை வாங்கும் நேரத்தில் பழைய பாலத்தின் கம்பங்கள் இன்னும் தெரிகின்றன.